கல்லாகக் கிடந்த மீன்

சேசு மரி சூசை துணை

அன்புள்ள அம்மாவுக்கு சவரிராஜ் எழுதுவது. ஓமானில் நான் நலம். உங்கள் மூட்டுவலி குறைந்ததா?

போன வாரம் ஒரு சின்னக் கூத்து. கரையோரம் வலை இழுக்கும்போது, என் அறையில் தங்கியிருக்கும் வருசநாட்டு ஈஸ்வரபாண்டி கல்மீனை மிதித்துவிட்டான். சாண் நீளந்தான். பாசி படிந்த கல்லாட்டம் அசையாமல் கிடக்கும். குஞ்சு மீன் நெருங்கினால், கண் இமைக்குமுன் விழுங்கிவிடும். முதுகு முள்ளெல்லாம் விஷம்.

முள் செருப்பைத் துளைத்து ஏறியதும், “ஏலே, வலி தாங்கலடா, காலை வெட்டிருதேன்!” என்று அரிவாளை ஓங்கிவிட்டான். அதைப் பிடுங்கி எறிந்து, அவன்மேல் ஏறி அமுக்கினேன். என் தோளைச் சதை பிய்யக் கடித்தான். அந்த விஷவலி சூட்டுக்குத்தான் தணியுமாம்; கூட இருந்தவர்கள் காலில் வெந்நீர் ஊற்ற ஊற்றத்தான் அடங்கினான். ஆஸ்பத்திரியில் மருந்து ஏற்றிப் பிழைத்துக்கொண்டான். கண் விழித்ததும் என் தோளில் போட்டிருந்த கட்டைப் பார்த்து, “நானாடா கடிச்சேன்?” என்று அழுதான்.

எனக்கு ஒன்றுமில்லை. முன்னால் பட்டன் வைத்த சட்டை இரண்டு கொடுத்தனுப்புங்கள். பனியனைத் தலைவழியே மாட்ட முடியவில்லை. போனில் சொன்னால் குரல் காட்டிக்கொடுத்துவிடும், அதனால்தான் எழுதுகிறேன்.

வண்டி வந்துவிட்டது. ஈஸ்வரபாண்டி லீவில் ஊருக்கு வருகிறான். இனி அறையில் நான் மட்டுந்தான். இதைக் கொண்டுவந்து தருபவன் அவன்தான். திட்டாதீர்கள் அம்மா, உட்காரவைத்துச் சோறு போடுங்கள்.

சவரி