மூன்றாம் காட்சியின் இடி

சங்கரிக்கு,

நாம் சேர்ந்து விளையாடும் கார் ரேஸை இன்னும் போனில் வைத்திருக்கிறேன். நேற்று உன் பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி எரிந்தது. கூப்பிட விரல் வரவில்லை. அதனால்தான் கடிதம்.

ஆண்டு விழா இசை நாடகத்தில் மேடைக்குக் கீழே நீ கீபோர்டு, நான் ரிதம் பேட். மூன்றாம் காட்சியில் மழை வரும்போது நான் இடி அடிக்க வேண்டும். குச்சியை ஓங்குவதற்குள் தரை அதிர்ந்தது. நம் ஊரில் அப்படியொரு சத்தம் கேட்டால் எல்லாரும் வீட்டுக்குத்தான் போன் போடுவார்கள். அன்று எல்லாரும் கைதட்டினார்கள்.

நீ மட்டும் வாசிப்பதை நிறுத்தினாய். "ஏட்டி, நீயா அடிச்ச?"

"நான்தான். நீ வாசி."

கைதட்டல் இனித்தது, சங்கரி. "நான்தான்" என்றதற்கு வேறு காரணம் தேடிப் பார்த்துவிட்டேன், இல்லை.

அதற்குப் பிறகு ஒன்றேகால் மணி நேரம் நீ பிசகாமல் வாசித்தாய். உன் அம்மாவுக்குப் பிடித்துவைத்த நாற்காலி காலியாகவே இருந்தது. "அரைநாள் லீவு கேட்டுருக்கேன், வந்துருவேன்" என்று என்னிடமும் சொல்லிவிட்டுத்தான் காலையில் பட்டாசுக் கம்பெனி வேனில் ஏறினார்.

ஆஸ்பத்திரியில் ஒரு மணி நேரம் அவருக்கு நினைவு இருந்ததாம். "எம்மக வந்துட்டாளா" என்று கேட்டுக்கொண்டே இருந்தாராம். உன் சித்தி சொன்னார். உன்னிடம் சொன்னாரா, தெரியவில்லை.

விருதுநகர் மாமா வீட்டுக்குக் கிளம்பும்போது நீ என் கையைப் பிடித்துக்கொண்டாய். "அந்த இடிய எம்புட்டு நல்லா அடிச்ச. எங்கம்மா கேட்டிருக்கணும்டி."

நான் அடிக்கவே இல்லை.

உன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள்