கடல்பூவைக் கல்லோடு கொண்டுவந்தவருக்கு

என் வலது கையில் இறால் வாடை அடிக்கிறது. சீயக்காய் போட்டுத் தேய்த்தாயிற்று, புளி கரைத்துத் தேய்த்தாயிற்று, போவேனா என்கிறது. முருங்கைக்காயைச் சப்பவே கூச்சப்பட்ட சைவப் பிள்ளைகளின் வம்சத்தில் பிறந்தவன், பேட்டைச் சந்தையில் நின்று இறால் பேரம் பேசி, தோலுரித்து, கடுகளவாகக் கிள்ளி, உம்முடைய கண்ணாடித் தொட்டிக்குள் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறேன். அடுக்களைப் பக்கம் காலை வைக்கக்கூடாது என்று என் வீட்டுக்காரி சொல்லிவிட்டாள். "போயும் உங்கள விடலையே அந்த மனுசர்" என்கிறாள். சொல்லிவிட்டு முந்தானையால் கண்ணையும் துடைத்துக்கொள்கிறாள்.

இந்த வேலையை யாரும் என் தலையில் கட்டவில்லை. நீர் மௌத்தாகிப் போன பிறகு, நான் தங்கச்சி என்று சொல்கிற உம் மனைவி, புருஷனை இழந்தவர்கள் நாலு மாதம் பத்து நாள் தனித்திருக்கிற இத்தாவில் உள் அறையிலேயே இருந்தார். தொட்டி முன்கூடத்தில் இருக்கிறது. ஆட்கள் வந்து போகிற இடம். அதனால் நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். இத்தா முடிந்த கையோடு, நேற்று, காயல்பட்டினத்திலிருந்து உம் மைத்துனர்கள் வந்து இறங்கினார்கள். தங்கச்சியைத் தாய்வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போகவேண்டுமாம். இன்று சாயங்காலம் அஸர் தொழுகைக்குப் பிறகு பேசலாம், பிள்ளைவாளும் இருக்கணும் என்று ஆள் அனுப்பினார்கள். போனேன். போகிற வழியெல்லாம் எனக்கு நீங்கள் பேட்டைக்கு வீடு மாறின அந்தப் பழைய மாதம்தான் ஞாபகம்.

உங்கள் ஊர் வழக்கம் எனக்கு முதலில் புரியவே இல்லை. பெண்ணுக்குக் கல்யாணம் ஆனாலும் தாய்வீட்டை விட்டு நகரமாட்டாள். மாப்பிள்ளைதான் அங்கே போய் இருக்கவேண்டும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் உமக்கு வியாபாரம் இங்கே. மேலப்பாளையத்துத் தறிக்காரர்களிடம் துணி எடுத்துக் கொழும்புக்கு அனுப்புகிறவர், அலைவாய்க்கரையில் உட்கார்ந்து என்ன செய்வீர்? ஊரே வேண்டாமென்று சொல்ல, ஒரே நாளில் தங்கச்சியை வண்டியேற்றி மேலப்பாளையத்து வாடகை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டீர். நீர் எதையும் அப்படித்தான் செய்வீர்.

வந்த பெண் கடல் இல்லாத ஊரைப் பார்த்துச் சோறு இறங்காமல் இருந்தது. "கடலத்தானவே கேக்கா? கொண்டாந்துட்டாப் போச்சு" என்றீர். தூத்துக்குடியில் சீமைக்குத் திரும்பிய ஒரு துரையின் சாமான்கள் ஏலத்துக்கு வந்தபோது, தேக்குச் சட்டம் போட்ட அந்தக் கண்ணாடித் தொட்டியை வாங்கி வந்தீர். உப்பு வண்டிக்காரர் பீப்பாயில் கடல்தண்ணீர் கொண்டுவந்தார். மணப்பாட்டுப் பாறையிலிருந்து கடல்பூக்களும் வந்தன. பூ என்று பேர்தான். ஒற்றைக் காலைப் பாறையில் ஒட்டிக்கொண்டு, உச்சியில் விரல் விரலாக நீட்டி இரை பிடித்துத் தின்கிற உயிர். எனக்கு முதல் நாள் அருவருப்பாகத்தான் இருந்தது. மறுநாள் ஆபீசுக்குப் போகிற வழியில் எட்டிப் பார்த்தேன். அதற்கடுத்த நாள் எட்டிப் பார்க்காமல் போக முடியவில்லை.

தங்கச்சியின் முகத்தை நான் இன்றுவரை பார்த்ததில்லை. திரைக்கு அந்தப் பக்கத்துக் குரல்தான் தெரியும். நீர் வீட்டில் இல்லாதபோது அந்தக் குரல் தொட்டியோடு பேசிக்கொண்டிருந்ததை வாசலில் நின்று கேட்டிருக்கிறேன். ஆனாலும் மனசு தங்கவில்லை. பேட்டையில் நீர் கட்டிய புதுவீடு முடிந்து குடிபோக நாள் நெருங்கியபோது, "சாமான் போகட்டும். என்னைய உம்மாகிட்ட விட்டிருங்க" என்று சொல்லிவிட்டார். ஆற்றுமணலில் உட்கார்ந்து இதை நீர் என்னிடம் சொன்னபோது உம் குரல் உடைந்திருந்தது. போனால் திரும்பமாட்டார் என்பது நம் இரண்டு பேருக்கும் தெரியும்.

இந்தக் கவலைக்கு நடுவில்தான் தொட்டியை ஒழிக்கிற வேலை வந்தது. சின்னப் பூக்களெல்லாம் கல்லில் இருந்தன. கல்லோடு தூக்கினால் ஆயிற்று. பெரியது மட்டும் கண்ணாடியிலேயே அப்பிக்கொண்டிருந்தது. நான் என் பேனாக்கத்தியை எடுத்து, "அடியில விட்டு ஒரு நெம்பு நெம்பினா வந்துட்டுப் போகுது" என்றேன். என் கையைப் பிடித்துக்கொண்டீர்.

"பைய வே. காலு கிழிஞ்சா அவ்வளவுதான், அழுகிப்போகும். அதுவா விடணும். நாம பிடுங்கப்படாது."

அது இருந்த பக்கத்துக் கண்ணாடியைக் கறுப்புத் துணியால் மூடினீர். வெளிச்சம் விழுகிற பக்கமாக ஒரு சொரசொரப்பான கல்லை அதை ஒட்டி வைத்தீர். அப்புறம் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டீர். கொழும்புத் தபால் வந்து கிடந்தது, உடைக்கவில்லை. தறிக்காரர்கள் வந்து காத்திருந்துவிட்டுப் போனார்கள். அது நகர்கிறதா இல்லையா என்று எனக்குக் கடைசிவரை தெரியவில்லை. ஒரு நாள் பார்க்கும்போது பாதிக் கால் கல்லின்மேல் இருந்தது. நீர் பெற்ற பிள்ளை நடந்ததுபோல என்னைக் கூப்பிட்டுக் காட்டினீர்.

அப்போதுதான் திரைக்கு அந்தப் பக்கத்திலிருந்து குரல் வந்தது. சண்டைக் குரல் இல்லை, சாதாரணமாகத்தான் கேட்டார். "அதுக்கு இம்புட்டுப் பொறுமை காட்டுதிய. என்னைய மட்டும் ஒரே நாள்ல வண்டியில ஏத்திட்டிய."

நான் எழுந்து செருப்பைத் தேடினேன். நீர் நாற்காலியைத் தொட்டிப் பக்கமிருந்து திரைப் பக்கமாகத் திருப்பிப் போட்டீர்.

குடிபோகிற அன்று அந்தப் பெரியது முழுசாகக் கல்லில் ஏறியிருந்தது. முந்தின நாளே தீனியை நிறுத்திவிட்டீர், வழியில் கக்கித் தண்ணீரைக் கெடுத்துவிடும் என்று. கல்லோடு அப்படியே அகன்ற பானையில், தொட்டியின் பழைய தண்ணீரிலேயே இறக்கி, ஈரத்துணியால் மூடி வண்டியில் வைத்தோம். மிச்சத் தண்ணீர் வேறு பானைகளில் வந்தது. நாம் வீட்டைத் திறக்க முன்னால் நடந்துவிட்டோம். வண்டிக்காரர் நம்ம ஊர்க்காரர், தங்கமான மனுசர். பாலத்தைத் தாண்டி மாட்டுக்குத் தண்ணீர் காட்ட ஆற்றங்கரையில் நிறுத்தியவர், துணியை விலக்கிப் பார்த்திருக்கிறார். நம் சீமையில் வாடின எதைப் பார்த்தாலும் தாமிரபரணித் தண்ணீரை ஊற்றுவதுதானே பழக்கம்? காய்ச்சல்காரனுக்கும் அதுதான், கத்தரி நாற்றுக்கும் அதுதான். பேட்டையில் வந்து இறங்கியதும் சந்தோஷமாகச் சொன்னார்.

"அண்ணாச்சி, பூவு ரொம்ப வாடிப்போச்சு. பாவம்னு ரெண்டு செம்பு ஆத்துத் தண்ணி ஊத்துனேன். இப்பம் தெளிஞ்சிரும் பாருங்க."

கடல் உயிருக்கு நல்லதண்ணீர் விஷமல்லவா? நானாக இருந்தால் மனுசரைக் கிழித்திருப்பேன். நீர், "நல்ல மனசுல செஞ்சிய" என்று மட்டும் சொல்லிவிட்டுப் பானையைத் தூக்கிக்கொண்டு ஓடினீர். மிச்சக் கடல்தண்ணீர் இருந்த பானைக்குக் கல்லை மாற்றினீர். அது விரலையெல்லாம் உள்ளே இழுத்துக்கொண்டு, பிடித்து வைத்த புளி உருண்டை மாதிரிக் கிடந்தது. மேலே வழவழவென்று கோழை. "செத்துட்டு வே" என்றேன். அது செத்தால் தங்கச்சியும் போய்விடுவார் என்ற பயம் எனக்கு. மறுநாள் காயலுக்கு வண்டி சொல்லியிருந்தது, மூட்டையும் கட்டியாகிவிட்டது.

"பானைய இங்கன கொண்டாங்க" என்றது குரல். நீர் திரைக்குள் கொண்டுபோனீர். மூச்சை இழுத்து மோந்து பார்ப்பது எனக்குக் கேட்டது.

"நாத்தம் இல்ல. செத்திருந்தா வீட்டுக்குள்ள நிக்க முடியுமா? பயந்து கிடக்கு. இருட்டுல வச்சு, தொடாம விட்டிருங்க." பிறகு, "இது விரியட்டும். பாத்துட்டுப் போறேன்" என்றார்.

மறுநாள் காயலுக்குப் போன வண்டியில் அவர் போகவில்லை. நீர் போனீர். போய் மாமியார் முன்னால் நின்று, மகளோடு வந்து இருக்கும்படி கேட்டீர். மாப்பிள்ளை வீட்டில் போய் மாமியார் குடியிருப்பதா என்று தெருவே சிரித்ததாம். "சிரிச்சுக்கிடட்டும். கல்லோட வராத பூவு தங்காதுவே" என்று திரும்பி வந்து சொன்னீர். அந்த அம்மாளும் லேசுப்பட்டவரா? தன் அம்மியையும் குழவியையும் சேர்த்தல்லவா வண்டியேற்றிக்கொண்டு வந்தார்! இங்கே அதற்குள் பூ விரிந்திருந்தது. நாம் வைத்த இடம் பிடிக்காமல் அதுவாகவே நகர்ந்து, ஜன்னல் பக்கத்து மூலையில் போய் உட்கார்ந்திருந்தது. இப்போதும் அங்கேதான் இருக்கிறது. உம்மையும், உம் மாமியாரையும் வழியனுப்பிவிட்டு, இந்த ஜெர்மன் சண்டையையும் பார்த்துவிட்டது.

இன்றைய கதைக்கு வருகிறேன். மைத்துனர்கள் நியாயமாகத்தான் பேசினார்கள். உம்மாவும் இல்லை, மாப்பிள்ளையும் இல்லை, மகன் கொழும்பில். ஆற்றங்கரை ஊரில் ஒற்றையில் எதற்கு என்றார்கள். வண்டிகூடச் சொல்லியிருந்தார்கள். பிறகு என் பக்கம் திரும்பி, நீங்க ஒரு வார்த்தை எடுத்துச் சொல்லுங்க பிள்ளைவாள் என்றார்கள். வக்கீல் குமாஸ்தாவுக்கு வார்த்தைக்கா பஞ்சம்? ஆனால் அன்று நீர் என் கையைப் பிடித்தது ஞாபகம் வந்தது. "பைய. அவுகளே சொல்லட்டும்" என்றேன்.

எல்லோரும் காத்திருந்தோம். வெகுநேரம். மைத்துனர்களில் பெரியவர் இரண்டு தடவை கனைத்தார்.

பிறகு திரைக்குப் பின்னாலிருந்து, "அண்ணாச்சி, கடத்தண்ணி வண்டி எப்பம் வருது? தொட்டியில பாதியாவது மாத்தணும்" என்று கேட்டார்.

புதன்கிழமை என்றேன்.

"அப்பம் நீ வரலையா?" என்றார் பெரியவர்.

"பெருநாளைக்கு வாரேன் காக்கா. நாலு நாள் இருந்துட்டு வீட்டுக்கு வந்திருதேன்" என்றார் அண்ணனிடம்.

காயலில் பிறந்த பெண் பேட்டையை வீடு என்று சொன்னதை நீர் கேட்டிருக்கவேண்டும். எனக்கு அழுகை வந்துவிட்டது. மைத்துனர்கள் பார்க்கட்டும் என்று விட்டுவிட்டேன். ஆபீசில் தினமும் யாராவது ஒருவர் மகளையோ தம்பியையோ நிலத்தையோ பிடித்து இழுத்துக்கொண்டு வக்கீல் ஐயாவிடம் வருகிறார்கள். அவர்களை நான் முதலில் பெஞ்சில் உட்காரவைத்து, குடிக்கத் தண்ணீர் கொடுத்து, பைய என்கிறேன். அது உம் வார்த்தை. பாதிப் பேர் வழக்குப் போடாமலே திரும்பிப் போய்விடுகிறார்கள். வக்கீல் ஐயாவுக்கு என்மேல் கோபம்தான்.