ஷாலினி கேட்ட துப்பட்டா

வெள்ளி

காலையிலிருந்து மழை. கோலா சாவா சாலையில் செம்பனைக் குலை ஏற்றிய லோரிக்குப் பின்னாலேயே ஊர்ந்து பள்ளிக்கு வந்தேன். பள்ளியிலேயே தங்கும் முகாம், ஞாயிறு வரை. பிள்ளைகளுக்கு மண்டபத்தில் பாய் விரித்தாயிற்று. வாங்க வேண்டியவை: கொசுவர்த்தி, சார்டின் மீன் டின், எனக்கு முட்டிவலித் தைலம்.

தலைமையாசிரியர் தனியே கூப்பிட்டார். நான் கேட்ட மாற்றல் கிடைத்துவிட்டதாம். அடுத்த ஆண்டு சிரம்பான். லோபாக்கில் இருக்கும் அம்மா வீட்டுக்குப் பக்கம். அம்மாவை டயாலிசிஸுக்கு இனி நானே கூட்டிப் போகலாம். "முகாம் முடியட்டும்லா டீச்சர், அப்புறம் பிள்ளைங்ககிட்ட சொல்லிக்கலாம்" என்றார். சந்தோஷம்தான். உட்கார்ந்து சந்தோஷப்படத் தெம்பில்லை.

சனி

சரியான தூக்கமில்லை. ஒருத்திக்கு வயிற்றுவலி, இன்னொருத்திக்குப் பல்லி பயம்.

மாலையில் குழு நாடகம். ஒத்திகை பார்த்தால் எல்லாக் குழுவிலும் சிகரெட் பிடித்துக் கெட்டு, கடைசியில் திருந்தும் அண்ணன். மாற்றச் சொல்லத் தொண்டையில் குரலில்லை. மறந்த வசனத்தை எடுத்துக் கொடுப்பதற்கே சரியாக இருந்தது. ஐந்தாம் ஆண்டு ஷாலினியின் குழு மட்டும் என்னை உள்ளே விடவில்லை. "ரகசியம் டீச்சர். உங்க துப்பட்டாவ மட்டும் குடுங்க." வாயாடி. கொடுத்தேன்.

மாலை

அவர்கள் நாடகம் 'எங்க டீச்சர்'. எல்லா டீச்சரும் ஷாலினியே. துப்பட்டா தோளில் கிடந்தால் ஒருவர், இடுப்பில் கட்டினால் இன்னொருவர். எல்லாரும் இங்கே வந்து போனவர்கள்தான். அந்த நடை, அந்த இருமல். ஒவ்வொருவரும் வந்து, "புத்தகத்த எடுங்க" என்று சொல்லி, உடனே "உங்கள மறக்கவே மாட்டேன் பிள்ளைங்களா" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு போகிறார்கள். வகுப்பு தலை நிமிராமல், "போய்ட்டு வாங்க டீச்சர்." மண்டபமே சிரித்தது.

கடைசியில் நான். கண்ணாடியைத் தலைக்கு ஏற்றிவிட்டு, கண்ணாடியைத் தேடுகிறேன். முட்டியைப் பிடித்தபடி, "அஞ்சு நிமிஷம் சும்மா இருங்கடா." கீழே உட்கார்ந்திருந்த நான் விழுந்து விழுந்து சிரித்தேன்.

அப்போது மேடையில் ஒருவன் கேட்டான்: "நீங்க எப்ப டீச்சர் போவீங்க?"

ஷாலினிக்கு வசனம் வரவில்லை. எழுதியிருக்கவே இல்லை போல. நான் எடுத்துக் கொடுப்பேன் என்று என்னையே பார்த்தாள். தலைமையாசிரியர் தரையைப் பார்த்தார். நான் கை தட்டினேன். மற்றவர்களும் தட்ட, நாடகம் அப்படியே முடிந்துவிட்டது. வெட்கமாக இருந்தது.

ஞாயிறு

வெயில். பாய் சுருட்டல். துடைப்பம் ஒன்றைக் காணோம். பரிசு ஒரு சிகரெட் அண்ணன் குழுவுக்கு.

ஷாலினி ரொட்டியும் கையுமாக வந்து நின்றாள். "நேத்து அந்த எடத்துல நான் என்ன சொல்லியிருக்கணும் டீச்சர்?"

முகாம் இன்னும் முடியவில்லை. ஆனாலும் பொய் வரவில்லை.

"அடுத்த வருஷம் போறேன்னு சொல்லியிருக்கணும்மா. எங்கம்மாவுக்கு ஒடம்பு முடியல."

ரொட்டியை மென்று முடித்தாள். அழவில்லை. உன்னை மறக்கவே மாட்டேன் என்று சொல்ல வாயெடுத்து, விழுங்கிக்கொண்டேன்.

"அப்ப துப்பட்டாவ விட்டுட்டுப் போங்க டீச்சர்" என்றாள். "அடுத்த நாடகத்துக்கு வேணும்."