என் கதையில் நீ விட்ட பாதி

குன்னூர்

அன்பு மகள் ராபியாவுக்கு அத்தா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். நானும் உன் அம்மாவும் உடம்புக்குக் குறைவில்லாமல் இருக்கிறோம், மற்ற குறையை எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன். நாலு நாளாக நீ போன் பண்ணி நான் எடுக்கவில்லை, எடுத்தால் கத்திவிடுவேன். இங்கே மழை விடவில்லை, பர்லியார் பக்கம் மண் சரிந்து இரண்டு நாள் பஸ்ஸெல்லாம் கோத்தகிரி வழியாகப் போயின. அந்த ஊர்க் குளிர் உனக்கு ஒத்துக்கொள்கிறதா, சளி பிடித்தால் ஆவி பிடி, மாத்திரையாக விழுங்காதே.

போன ஞாயிற்றுக்கிழமை மரியஅந்தோணி, என் பஸ்ஸில் பன்னிரண்டு வருஷம் கண்டக்டராக இருந்தவர், டீக்கடையில் என்னைப் பிடித்து, ஏனுங்க பாய், உங்க புள்ள பேரு பேப்பர்ல வந்திருக்குதுங்க என்று சந்தோஷமாக நீட்டினார். கண்ணாடி கொண்டுவரவில்லை, நீங்களே சத்தமாகப் படியுங்கள் என்றேன், என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். மனதை அடக்கும் பழக்கம் ஒரு வேலையில் எவ்வளவு தேறினாலும் வேறு வேலைக்கோ வீட்டுக்கோ கூட வருவதில்லை என்று உன் ஆராய்ச்சியில் கண்டுபிடித்தாயாம். அதற்கு உதாரணம், குன்னூர் மலைப்பாதையில் இருபத்தாறு வருஷம் விபத்தில்லாமல் பஸ் ஓட்டிய ஒருவர். கொண்டை ஊசி வளைவில் தப்பாக ஏறி வந்த கார்க்காரனை ஒரு வார்த்தை திட்டாதவர், அன்றைக்கே வீட்டில் சோறு ஆறிப்போயிருந்தது என்று தட்டை வீசி மனைவியின் நெற்றியைக் கிழித்தவர். பொத்தானை அழுத்தாமல் கையை நிறுத்திக்கொள்ள வேண்டிய கம்ப்யூட்டர் சோதனையிலும் ரோட்டுப் படம் வந்தால் நிறுத்தினாராம், சதுரம் வந்தால் நிறுத்த முடியவில்லையாம். பெயர் போடவில்லை, சரி. மகளை வெளிநாட்டுக்கு அனுப்பிப் படிக்கவைத்த பஸ் டிரைவர் குன்னூரில் எத்தனை பேர் இருக்கிறோம். மரியஅந்தோணி பாதியில் பேப்பரை மடித்துவிட்டு, டீ ஆறிருச்சுங்க என்றார்.

மறுநாள் உன் ஷௌகத் அலி மாமா கூடலூரிலிருந்து வந்துவிட்டார். இருபத்தொரு வருசமா எங்கக்கா குழாயடியில வழுக்கி விழுந்தான்னு சொல்லி எங்களை ஏமாத்துனீங்களா மச்சான் என்று நின்றபடியே கேட்டார், தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. உன் அம்மா முக்காட்டைப் புருவம் வரை இழுத்துவிட்டுக்கொண்டு கடைக்குப் போகிறாள். தழும்பின் கதையை இத்தனை வருஷம் மறைத்தது என் மானத்துக்காக இல்லையாம். உங்களுக்காக மறைக்கலீங்க, புள்ள அத்தாவை வெறுத்துரக் கூடாதுன்னு மறைச்சேன் என்றாள். அதைக் கேட்டபோது எனக்கு உன்மேல் வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை.

நான் செய்தது தப்பு, அதை யார் எழுதினாலும் தப்புதான். ஆனால் உன்னிடம் அதைச் சொன்ன அன்று, இது படிப்புக்கு இல்ல அத்தா, நமக்குள்ளதான் என்று என் கையைப் பிடித்துச் சொன்னாய். அந்தச் சொல்லையும் விட்டுத்தள்ளு. தட்டை வீசியதற்குப் பின்னால் நடந்ததையும் உன்னிடம் சொன்னேனே, அது எங்கே? மலையில் பஸ் இறங்குவதற்கு முன்பே கியரைக் குறைக்க வேண்டும், இறக்கத்தில் பிரேக்கை மட்டும் நம்பினால் வண்டி நிற்காது. அதை வீட்டுக்கு எப்படிக் கொண்டுவருவது என்று யோசித்து, எரிச்சலோடு வந்த நாளெல்லாம் வாசல் கேட்டுக்கு வெளியே நின்று இடது கையால் கியரை இழுப்பது போல இழுத்து, மூச்சு இறங்கிய பிறகு உள்ளே வந்தேன். பக்கத்து பாலாமணி வீட்டுக்காரர்கள் எனக்குக் கைவலிப்பு என்று சிரித்தார்கள். முதல் வருஷம் பல நாள் மறந்து உள்ளே வந்து கத்திவிட்டுத் திரும்ப வெளியே போய் நின்றிருக்கிறேன். பிறகு பழகியது. அன்று முதல் இன்று வரை கை ஓங்கவில்லை. நீ கண் கலங்கி நோட்டில் எழுதிக்கொண்டாய், நான் பார்த்தேன். ஞானசீலன் வாத்தியாரை விட்டு உன் முழுக் கட்டுரையையும் படிக்கச் சொல்லிக் கேட்டேன், அதில் ஒரு வரி இல்லை. நீ சொல்ல வந்ததற்கு அது இடைஞ்சல், அதனால் பெற்றவனையே பாதியாக வெட்டிவிட்டாய். கூட வராது என்று நீ எழுதியது வந்தது மகளே. தானாக வரவில்லை, நான் இழுத்துக்கொண்டு வந்தேன்.

இன்னொன்றை உன்னிடம் சொல்வதில்லை என்று வைத்திருந்தேன். உன் கல்யாணம் முறிந்து நீ இங்கே வந்து எனக்கு அந்தச் சோதனை வைத்த நேரம், ஐந்து மாதமாக உன் முகத்தில் சிரிப்பே இல்லை. அதில் சதுரம் வந்தபோது முதல் தரம் தெரியாமல்தான் அழுத்தினேன். நீ வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாய், அம்மா அடுப்பை விட்டு ஓடிவந்து பார்த்தாள். அதற்குப் பிறகு சதுரம் வந்தபோதெல்லாம் தெரிந்தே அழுத்தினேன். நிறுத்தத் தெரியாமல் இல்லை, நீ சிரிக்க வேண்டும் என்று. இதை உன் பேராசிரியரிடம் சொல். உன் வேலைக்கு இடைஞ்சல் வரலாம், வந்தாலும் சொல்.

அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளும் நேர்மையான பெயரும் தரட்டும். தொழுகையை விடாதே, நேரத்துக்குச் சாப்பிடு. மறக்காமல் அம்மாவுக்குத் தனியாக ஒரு கடிதம் போடு. இந்த வீட்டில் அவளிடம் மன்னிப்புக் கேட்க வேண்டியவன் இத்தனை வருஷம் நான் ஒருத்தன்தான். இப்போது நாம் இரண்டு பேர்.

இப்படிக்கு,
உன் அத்தா
கா. ஜலாலுதீன்