அப்பாவைத் திருப்பி அனுப்புகிறேன்

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. இங்கே மூவரும் நலம். மாமாவின் முழங்கால் வலி குறைந்ததா? வெறும் தைலத்தைத் தேய்த்துக்கொண்டு இருக்க வேண்டாம், டாக்டரிடம் போகச் சொல்.

நீ அனுப்பிய அப்பாவின் படம் கண்ணாடி உடையாமல் வந்து சேர்ந்தது. மாட்டியாயிற்றா என்று ஒவ்வொரு ஞாயிறும் போனில் கேட்கிறாய். ஆணி இல்லை, சுவரில் ஈரம் என்று நானும் சாக்குச் சொல்லி வந்தேன். உண்மையில் அதைப் பிரித்த அன்றே பீரோவுக்குப் பின்னால் சுவரைப் பார்க்க வைத்துவிட்டேன். இதையெல்லாம் போனில் சொன்னால் நீ அழுவாய், நான் கத்துவேன். அதனால்தான் கடிதம்.

கல்லூரியில் துறைத் தலைவர் நாற்காலி என்னிடம் படித்தவனுக்கே போய்விட்டது. இனிப்போடு வந்து, "சார், நீங்க இல்லன்னா நான் இல்ல" என்றான். என் வருத்தமே அதுதானப்பா என்று சொல்ல வாய்வரை வந்தது. இனிப்பை வாங்கிக்கொண்டேன். அந்தக் கோபத்தோடுதான் தினமும் வீடு திரும்புகிறேன். என் மனைவிக்கு ஆஸ்பத்திரியில் தொடர்ந்து இரவு வேலை. மாலையில் அவள் செருப்பை மாட்டும்போது நான் செருப்பைக் கழற்றுவேன். அதன்பின் வீட்டில் நானும் குட்டியும்தான். கிளம்பும்போது, "சுவத்து மேல கோவப்படுங்க, எம்மேல கூடப் படுங்க, புள்ள மேல மட்டும் வேண்டாம்" என்று சொல்லிவிட்டுத்தான் போவாள்.

நான் குட்டியை அடித்ததில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டதும் இல்லை. அப்பா என்னை எப்படித் தண்டித்தார் என்பது உனக்கு மறந்திருக்கும். அவரும் அடித்ததில்லை. பேசமாட்டார், அவ்வளவுதான். ஒரே மேஜையில் நான் எதிரே உட்கார்ந்திருக்க, "அவனச் சாப்பிடச் சொல்லு" என்று உன்னிடம் சொல்வார். நீயும் என் பக்கம் திரும்பி, "சாப்பிடுவியாம்" என்பாய். வாரக்கணக்கில் உன் வாய் வழியாகத்தான் எனக்கு அப்பா இருந்தார். உனக்கு அது விளையாட்டு. உன்னைக் குறை சொல்லவில்லை என்று எழுத ஆசைதான், ஆனால் குறை சொல்கிறேன்.

பள்ளியில் பெற்றோருக்கு ஒரு கூட்டம் நடத்தினார்கள். ஆலோசகராக வந்த பெண் என் மாணவிகளைவிடச் சின்னவள். "கோவம் வந்தா அந்த எடத்த விட்டுப் போயிடுங்க சார். மனசுல இருக்கறதக் கொட்டிட்டு வாங்க. உங்க மனச நீங்க பாத்துக்கிட்டாத்தான் புள்ளயப் பாத்துக்க முடியும்" என்றாள். மனதுக்குள் சிரித்துக்கொண்டாலும், நான் அதை ஒழுங்காகக் கடைப்பிடித்தேன். குட்டி எதையாவது கொட்டினால், உடைத்தால், ஒன்றும் சொல்லாமல் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்துவேன். அவள் காதில் எதுவும் விழக்கூடாதென்று குழாயை முழுதாகத் திறந்துவிட்டு, கொட்டுவேன். யாரிடம் என்றால், அப்பாவிடம்தான். "அப்பா" என்று கூப்பிட்டு நான் கேட்பேன், அவரே பதில் சொல்வார். "உனக்கெல்லாம் எவன்டா நாற்காலி குடுப்பான்" என்று அவருடைய குரலில் நானே சொல்லிக்கொள்வேன். பிறகு முகம் கழுவிவிட்டு, சிரித்தபடி வெளியே வருவேன். மனசு லேசாகிவிட்டது என்றுதான் நினைத்தேன்.

குட்டியும் அடங்கிவிட்டாள். எதையும் கொட்டுவதில்லை. டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக் குடிக்கிறாள். வகுப்பில் இவளைப் போலப் பிள்ளை இல்லை என்று டீச்சர் சொன்னதாக இவள் அம்மாவுக்கு ஒரே பெருமை. எனக்கும்தான்.

போன வாரம் பந்தைத் தேடி பீரோவுக்குப் பின்னால் கைவிட்டவள், படத்தை இழுத்து வெளியே போட்டாள். யார் என்று கேட்டாள், தாத்தா, என் அப்பா என்றேன். உற்றுப் பார்த்துவிட்டு, "ஓ, இவர்தானா பாத்ரூம்ல இருக்கறவர்" என்றாள். நேராகச் சமையலறைக்குப் போய் அடுப்பைத் துடைத்துக்கொண்டு நின்றேன். திரும்பி வந்தால், படத்தைக் குளியலறைக் கதவில் சாய்த்து வைத்து, எதிரில் சப்பணமிட்டு உட்கார்ந்திருக்கிறாள். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "தாத்தா, அப்பாவத் திட்டாதீங்க. அன்னிக்குப் பாலக் கொட்டினது நான்தான். இனிமே கொட்டமாட்டேன். அப்பாவ உள்ள கூப்புடாதீங்க."

அக்கா, குழாய்ச் சத்தத்தை மீறி எல்லாம் அவள் காதில் விழுந்திருக்கிறது. இத்தனை நாளும் அவள் செய்த தப்புக்கெல்லாம் நான் உள்ளே போய்த் திட்டு வாங்கி வருவதாக நினைத்திருக்கிறாள். என்னைக் காப்பாற்றத்தான் நல்ல பிள்ளையாகிவிட்டாள்.

மடியில் வைத்துக்கொண்டு சொன்னேன்: உள்ளே யாரும் இல்லை கண்ணு, அப்பாதான் தனியாகப் பேசிக்கொள்கிறேன் என்று. "அப்ப உன்ன யார் திட்டறது?" என்று கேட்டாள்.

இப்போதெல்லாம் நான் உள்ளே போவதில்லை. கோபம் வந்தால் அவள் எதிரிலேயே, "அப்பாவுக்குக் கோவமா இருக்கு, உம்மேல இல்ல" என்று சத்தமாகச் சொல்கிறேன். அவள் தலையாட்டுகிறாள். ஆனால் நேற்று அவள் கை பட்டுத் தண்ணீர்ச் சொம்பு கவிழ்ந்தபோது, முதலில் அந்தக் கதவைத்தான் பார்த்தாள். பிறகுதான் என்னை. அந்த ஒரு பார்வையில், நான் அவள் வயதில் எப்படி இருந்தேன் என்று கண்டுகொண்டேன்.

படத்தை நீ சுற்றி அனுப்பிய துணியிலேயே சுற்றித் திருப்பி அனுப்புகிறேன். கோபித்துக்கொள்ளாதே. வந்து சேர்ந்ததும் உன் வீட்டுக் கூடத்தில், வெளிச்சம் படும் இடமாகப் பார்த்து மாட்டு. ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணும்போது என்னைக் கேட்காதே, குட்டியைக் கூப்பிடு. தாத்தா இனி அத்தை வீட்டில்தான் இருக்கிறார், அங்கே சந்தோஷமாக இருக்கிறார், யாரையும் திட்டுவதில்லை என்று சொல். நான் சொன்னால் நம்பமாட்டாள். நீ சொன்னால் அது பொய்யும் ஆகாது. உன்னிடம் அவர் நல்லவராகத்தானே இருந்தார்.

உன் பிள்ளைகள் உன்னோடு சண்டை போட்டுக்கொண்டு, கொட்டிக்கொண்டு, உடைத்துக்கொண்டு நன்றாக இருக்கட்டும்.

உன் தம்பி