வராத கடிதத்துக்கு ஓர் ஏத்தன் குலை

அக்கா,

போன ஞாயிற்றுக்கிழமை நம் சபையில் அறுப்பின் பண்டிகை. கோவில் நடையில் கால் வைத்ததும் பழுத்த ஏத்தன் வாழைக் குலைகளின் வாசனை வந்து என் மூக்கைப் பிடித்து இழுத்தது. முந்நூறு குலை இருந்தது. வழக்கம்போல நான் சொல்வதில் பத்தில் ஒன்றை மட்டும் நீ நம்பிக்கொள். நான் வராந்தாத் தூணைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டேன். உன் மகள் ஓடி வந்தாள்.

"மாமா, தலை சுத்துதா?"

"தலை இல்ல மக்கா. பூமியாக்கும் சுத்துது. நான் மட்டும் நேரே நிக்கேன்."

அவள் சிரிக்கவில்லை. எதையோ கேட்க வந்தவள் போல நின்றாள். பிறகு கேட்டே விட்டாள். "அம்மா எப்படி மாமா அப்படி இருந்தா? அப்பாவுக்க காரியம் கடைசி வர ஒண்ணும் தெரியல்ல. ஆனாலும் அம்மையப் போல சந்தோஷமா ஒரு ஆளை நான் கண்டதில்ல. உள்ளதைச் சொல்லணும். அது நடிப்பா?"

நெய்யாற்றின்கரை முதல் பாறசாலை வரை எந்தக் கேள்விக்கும் கேட்கும் முன்னே பதில் சொல்லும் மகாமேதை நான். அன்று, பண்டிகை முடியட்டும் சொல்கிறேன் என்று நழுவினேன். நீ கர்த்தரிடம் போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. பிறகு அவளிடம் சொன்னது சரிதானா என்று உன்னிடமே கேட்டுப் பார்க்கலாம் என்றுதான் எழுதுகிறேன்.

பெரிய வீட்டாரின் தென்னந்தோப்பு மூலையில் நமக்கு ஓர் ஓலைக்குடிசை இருந்தது. முற்றத்தில் நாம் நட்ட வாழை குலை தள்ளினால் குலை அவர்களுக்கு, இலை நமக்கு. பிறகு சட்டம் வந்தது. அடுத்தவன் நிலத்தில் குடிசை போட்டிருக்கும் குடிகிடப்புக்காரனுக்குக் குடிசையோடு பத்து சென்ட் சொந்தம் என்றார்கள். சங்கிலி பிடித்து அளந்து கல் நாட்டிய அன்று நான் நம் ராஜ்ஜியத்தின் நான்கு எல்லைகளையும் சுற்றி வந்தேன். காலையில் புறப்பட்டவன் அந்தி சாயும்போதுதான் திரும்பினேன் என்று கொல்லயில் கிராமம் வரை போய்ச் சொன்னேன். நடுவில் இரண்டு இடத்தில் தங்கிச் சாப்பிட்டதாகவும் சொன்னேன். அத்தான் மட்டும் கல் ஓரமாக ஆறு ஏத்தன் கன்று நட்டார். "முதல் குலை கோவிலுக்காக்கும். பின்ன உள்ளது நமக்கு" என்றார். அவ்வளவுதான் அவர் பேச்சு. அந்த மாதமே அவர் பேர்ஷ்யாவுக்குப் புறப்பட்டார். வளைகுடாவை அப்போது நம் பக்கத்தில் அப்படித்தான் சொல்வார்கள். ஊரிலிருந்து ஐந்து பேர். பம்பாய் போய், காகிதம் ஒன்றும் இல்லாமல், லாஞ்சுப் படகில் ஏறிக் கடல் கடப்பது என்று ஏற்பாடு. உன் வயிற்றில் அப்போது இவள் மூன்று மாதம்.

கன்று வேர் பிடித்தது, குருத்து விட்டது, குலை தள்ளியது. பிள்ளை பிறந்து கவிழ்ந்தும் விட்டாள். ஐந்து வீட்டில் ஒரு வீட்டுக்கும் கத்து வரவில்லை. கடிதத்தை நாம் கத்து என்றுதானே சொல்வோம். தபால்காரனைக் கண்டால் மற்ற நாலு வீட்டுப் பெண்களின் முகமும் வெளிறும். நீயோ மரச்சீனிக் கிழங்கு சீவிக்கொண்டு கீர்த்தனை பாடுவாய். என்னால் தாங்க முடியவில்லை, அக்கா. துக்கத்தால் அல்ல, ஆவலால். உனக்கு மட்டும் ரகசியமாகக் கத்து வருகிறது என்று தீர்மானித்தேன். துப்பறியும் இலாகா ஒன்றை ஆரம்பித்து, அதற்கு நானே தலைவனும் சிப்பாயும் ஆனேன். நீ குளிக்கப் போகும் நேரம் பார்த்து அரிசிப் பானையில் கைவிட்டேன். தலையணையைப் பிதுக்கினேன். வேதப் புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்து உதறினேன். விழுந்தது ஒரு கோழி இறகு. கோழியிடமிருந்தா கத்து வருகிறது என்றுகூட ஒரு கணம் யோசித்தேன்.

"எலே, அரிசியில என்ன தேடின? மணி ஒண்ணும் குறையல்ல, எண்ணி வச்சிருக்கேன்" என்றாய் அன்று மாலை. எப்படித் தெரிந்தது என்று கடைசி வரை சொல்லவில்லை.

அந்த வருஷத்து அறுப்பின் பண்டிகையில் ஏலம் போட்டவன் நான். என் தொண்டை அப்போது அப்படி. நான் "ஒருதரம்" என்றால் பொழியூர் கடலில் வலை இழுப்பவர்கள் நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்ப்பார்கள். நம் சபை வழக்கம் உனக்குத் தெரியும். பொருளைக் கொண்டுவருகிறவர் எதற்காக ஸ்தோத்திரம் என்றும் சொல்ல வேண்டும். ஏலக்காரன் அதை எல்லோரும் கேட்க அறிவித்துவிட்டுத்தான் பொருளைத் தூக்கிக் காட்டுவான். தீனம் மாறிச் சுகமானதற்கு, பசு ஈன்றதற்கு, மகனுக்கு வேலை கிடைத்ததற்கு. நீ பிள்ளையை ஒரு இடுப்பிலும் குலையை மறு இடுப்பிலும் வைத்துக்கொண்டு வந்தாய். நம் பத்து சென்ட்டின் முதல் குலை.

"என்னதுக்கு அக்கா?"

"கத்து வந்ததுக்கு ஸ்தோத்திரம்னு சொல்லு மக்கா."

"வந்தாச்சா? எப்போ?"

பிள்ளை வீரிட்டு அழுதாள். நீ பெண்கள் பக்கம் போய்விட்டாய். நான் இன்னொரு தரம் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. வாயில் அமுது ஊறிய பிறகு விழுங்கச் சொன்னால் என்னால் முடியுமா? "பேர்ஷ்யாவிலேருந்து கத்து வந்ததுக்கு ஸ்தோத்திரம்" என்றேன். அதோடு நின்றிருந்தால் நான் நானில்லையே. "கத்தென்றால் கத்தா, எடைக்கல் வைத்து நிறுக்க வேண்டிய கத்து. ஐந்து பேரும் சுகம். ஐந்து பேருக்கும் கறுப்புக் கண்ணாடி. ஐந்து பேரும் ஒரே கட்டிடத்தில் ஐந்து மாடியில்." எனக்கே தெரியாத செய்தியெல்லாம் என் வாயிலிருந்து குலை குலையாகத் தொங்கியது. சபை எழுந்து நின்றது. போனவர்களில் இளையவனுடைய தாயார் ஞானம்மாள், அவனைத் தவிர வேறு ஆளில்லாத விதவை, தரையில் முழங்கால் போட்டுவிட்டார். அந்தக் குலைக்கு ஆளாளுக்கு விலை ஏற்றினார்கள். நான் "மூணுதரம்" சொல்லும்போது உன்னைத் தேடினேன். நீ தலை குனிந்திருந்தாய். ஜெபம் என்று நினைத்தேன்.

ஆராதனை முடிந்து சபை முழுவதும் நேராக நம் முற்றத்துக்கு வந்துவிட்டது. ஒரு வீட்டுக்குக் கத்து வந்தால் கூடப் போனவர்கள் செய்தியும் அதில் இருக்கும், ஊர் கூடித்தான் அதைக் கேட்கும் என்பது உனக்குத் தெரியாததா? ஞானம்மாள் முன்னால் வந்து உட்கார்ந்தார். "வாசி மோளே. எனக்க பயலைப் பற்றி உள்ளதை மட்டும் முதல்ல வாசி."

நீ வாசலில் நின்றாய். பிள்ளையை என்னிடம் தந்தாய்.

"கத்து வரல்ல மாமி. வரும்னு நம்பி, வந்ததாவே எண்ணி முன்கூட்டி ஸ்தோத்திரம் வச்சேன்."

ஞானம்மாள் மெல்ல எழுந்தார். "பின்ன அஞ்சு பேரும் சுகம்னு சொன்னது ஆரு?"

எல்லாத் தலைகளும் என் பக்கம் திரும்பின. பத்து சென்ட்டில் ஒளிய ஓர் இடம் இல்லை என்று அன்றுதான் அறிந்தேன். நீ சொன்னாய்: "நான் சொன்ன சொல்லிலேயே பிழை இருந்தது. அவனை ஏசாதீங்க."

"எனக்க பிள்ளைக்க உசிரை வச்சாடீ நீங்க ரெண்டாளும் களிச்சு விளையாடினீங்க?" என்றார் அந்த அம்மாள். கத்தவில்லை. கத்தியிருக்கலாம். போகும் வழியில் இரண்டு தடவை உட்கார்ந்து எழுந்துதான் வீட்டுக்குப் போனார்.

அன்று சாயங்காலம் நீ பாடவில்லை. அடுப்பு முன்னால் உட்கார்ந்து, என்னைப் பார்க்காமல் சொன்னாய். "நம்பிக்கைன்னு சொல்லிட்டு நான் செய்தது பயமாக்கும் மக்கா. குலையைக் கொடுத்து கர்த்தருக்க கையைப் பிடிச்சு முறுக்கப் பாத்தேன். வந்ததுன்னு நாலு பேரு முன்னால சொன்னா அவரு வரவச்சே தீரணும்னு ஒரு கணக்கு." நீ அழுதாய். நான் விறகைத் தள்ளி வைத்தேன்.

மறுநாள் முதல் நீ செய்ததுதான் எனக்குப் புரியாத காரியம். தபால்காரன் வரும் நேரத்துக்குப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஞானம்மாள் வீட்டுக்குப் போனாய். முதல் வாரம் அவர் கதவைத் திறக்கவில்லை. நீ வெளியே நின்று ஜெபம் பண்ணிவிட்டு வந்தாய். இரண்டாம் வாரம் கதவைத் திறந்து, "இங்க ஆருக்கும் குலை வேண்டாம்" என்றார். மூன்றாம் வாரம் பிள்ளையை மட்டும் வாங்கிக்கொண்டார். பிறகு ஒருநாள் உள்ளேயிருந்து இருவரும் சிரிக்கும் சத்தம் கேட்டு நான் வேலி மேல் ஏறி எட்டிப் பார்த்தேன். வேலி முறிந்தது. அவர்கள் இன்னும் அதிகமாகச் சிரித்தார்கள். தபால்காரன் அன்றும் வெறுங்கையோடுதான் போயிருந்தான். வராத ஒன்றுக்காகக் காத்திருக்கிற இரண்டு பெண்கள், எதைக் கண்டு சிரிக்கிறார்கள்? துப்பறியும் இலாகா மீண்டும் திறக்கப்பட்டது. பலன் இல்லை.

கத்து அந்த வீட்டுக்குத்தான் வந்தது. ஞானம்மாளுக்கு வாசிக்கத் தெரியாது. நீ வாசிக்க வேண்டியதாயிற்று. வேலியைக் கட்டிக்கொடுக்கும் தண்டனையில் இருந்த நான் கயிற்றோடு நின்று கேட்டேன்.

மகன் சுகம் என்று முதல் வரி. அந்த அம்மாள் உன் முழங்காலைக் கட்டிக்கொண்டார். இரண்டாவது வரியில், கரை தெரியும் தூரத்தில் லாஞ்சை நிறுத்தி நீந்திப் போகச் சொன்னார்கள் என்றிருந்தது. மூன்றாவது வரி: நாலு பேர் கரையேறினோம், அத்தானை அலைக்குள் ஒருதரம் கண்டோம், பிறகு காணவில்லை, மூன்று நாள் கரையெல்லாம் தேடினோம், உயிரோடேயும் காணவில்லை, உடலும் கிடைக்கவில்லை.

நீ நிறுத்தவில்லை, அக்கா. அந்த வரியை அதே குரலில் வாசித்தாய். அடுத்த வரிக்குப் போனாய். அங்கே அவனுக்கு வேலை கிடைத்த செய்தி, அம்மா மருந்தை நிறுத்தக்கூடாது என்ற செய்தி. கடைசி எழுத்து வரை வாசித்து, மடித்து, அவர் கையில் வைத்தாய்.

"உங்களுக்க மகன் சுகமா இருக்கான் மாமி. ஸ்தோத்திரம் சொல்லுங்க."

"நான் எப்படி மோளே சொல்லுவேன்" என்று அவர் நெஞ்சில் அடித்துக்கொண்டார். பிறகு நீயே சொன்னாய். அவருடைய மகனுக்காக, வாய் திறந்து, முழுவதும் சொன்னாய். ஆமென் சொன்ன பிறகுதான் நீ அவர் பக்கத்தில் உட்கார்ந்தாய். இருவரும் தரையில் ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு அழுததை நான் வர்ணிக்கப் போவதில்லை.

மாதங்கள் கழித்து, நீ மறுபடி பாடத் தொடங்கிய ஒரு காலையில், நான் நேராகவே கேட்டேன். "அக்கா, உனக்கு பயம் இல்லியா?"

"உண்டு."

"பின்ன எப்படி?"

மரச்சீனித் தோலை உரித்தபடியே சொன்னாய். "பயம் இங்க குடிகிடப்புக்காரனாக்கும் மக்கா. நிலத்துக்காரன் வேற ஆளு."

நான் விடுவேனா? "குடிகிடப்புக்காரனுக்குப் பத்து சென்ட் எழுதிக் கொடுக்கணும்னு சட்டம் வந்தாச்சே."

நீ கத்தியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாய், தோப்பு முழுக்கக் கேட்க. "கொடுத்தாச்சுலே. பத்து சென்ட் அளந்து கல்லும் நாட்டியாச்சு. அதுல கிடந்து அழுதுக்கிடட்டு. பாக்கி உள்ளதெல்லாம் கர்த்தருக்குள்ளதாக்கும்." பிறகு குரல் தாழ்ந்தது. "உங்க அத்தான் எங்க இருக்காருன்னு எனக்குத் தெரியாது. ஆருக்க கையில இருக்காருன்னு தெரியும். அது போதும்னு தோணுற நாளும் உண்டு. தோணாத நாளும் உண்டு. தோணாத நாளிலயும் கர்த்தரு கையை விடல்ல, அதைக் கண்டுபிடிச்ச சந்தோஷமாக்கும் இது."

இதைத்தான் அன்று பண்டிகை முடிந்ததும் உன் மகளிடம் சொன்னேன். நடிப்பில்லை மக்கா, நான் அரிசிப் பானை வரை சோதித்தவன் என்றேன். அவள் அப்போது சிரித்தாள், அழுதுகொண்டே.

எதையும் பத்து மடங்காக்கிச் சொல்கிறவன் நான். நீ அந்தக் கத்தை வாசித்ததை மட்டும் எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன், ஒரு சொல்லைக்கூடக் கூட்டத் தெரியவில்லை. எனக்கு நீ விட்டுப்போனது அதுதான்.

போன மாதம் திருவனந்தபுரத்தில் டாக்டர் என் வயிற்றைப் பற்றி ஒரு காகிதம் தந்தார். என் வீட்டுக்காரிக்குக் கண் தெளிவில்லை. "வாசியுங்க, உள்ளதை உள்ளபடி வாசியுங்க" என்றாள். வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து வாசித்தேன். இரண்டு வரி நன்றாகவே போயிற்று. புற்று என்ற மூன்றாவது வரியை வாசித்தபோது அவள் என் கையைப் பிடித்தாள். பிடித்தபடி இருக்கட்டும் என்று விட்டேன். அதே குரலில் அடுத்த வரிக்குப் போனேன்.