சிவப்புத் துணி கட்டிய பானைகள்

மார்ச் 4

கிணற்று நீர் உப்புக் கரிக்கிறது. வருடத்து மழை முழுவதும் நான்கு நாளில் கொட்டிக் கடலுக்கு ஓடிவிட்டது. இந்த நிலையில் பக்கத்து நிலத்து வேலப்பன், தன் கிணற்றைத் தண்ணீர் லாரிக்கு விடப் போகிறாராம். அங்கே இறைத்தால் என் கிணற்றுக்குள் கடல் வந்துவிடும், வெள்ளரி அவ்வளவுதான். விளக்கினேன்.

“சார், நீ காலேஜ்ல பாடம் எடுத்தவன். என் பயிரு கருகிகினு கீது. கெணத்த வெச்சிகினு நான் இன்னா பண்றது?”

குரலை உயர்த்தவில்லை. அவருக்கு வணக்கம் சொல்வதை மட்டும் நிறுத்திக்கொண்டேன்.

மார்ச் 9

வெள்ளரிக் கொடிகளுக்கு நடுவே பானைகளைக் கழுத்துவரை புதைத்தாயிற்று. நீரை நிரப்பினால் சுடுமண்ணில் கசிந்து வேருக்கு மட்டும் போகும். வெயிலுக்குப் பங்கு கிடையாது. என்னோடு கூட்டாகப் பயிரிடும் முத்தம்மா, கொசு புகாதபடி பானை வாய்களில் துணி கட்டினார். தையற்கடையில் கிடைத்தது சிவப்புத் துணிதான்.

“கல்யாணப் பொண்ணுங்க மாதிரி கீது சார். தாலிதான் பாக்கி.”

மார்ச் 15

லாரி வந்தது. வேலப்பன் கிணற்றுக்கு வழி என் வரப்போரம். ஓட்டுநர் மணி குழாயைத் தோளில் போட்டு வந்தவர், பானைகளைக் கண்டதும் நின்றுவிட்டார்.

“யோவ் வேலப்பா, இன்னாயா இது? எவனோ செய்வினை வெச்சிகீறான்!”

“வெள்ளரிக்கு வைத்தது,” என்றேன்.

“வெள்ளரிக்கு எவன் சார் செய்வினை வெப்பான்?”

லாரி திரும்பக்கூட இல்லை. பின்னோக்கியே போய்விட்டது.

மார்ச் 16

முப்பது ஆண்டு இயற்பியல் கற்பித்தவன் நான். மணியைத் தேடிப் போய்ச் சுடுமண்ணின் நுண்துளைகளைப் பற்றி விளக்க வேண்டாமா? வேண்டும்.

— போகவில்லை.

மார்ச் 27

வேறெந்த லாரியும் வரவில்லை. “காட்டுப்பள்ளி பூரா பேச்சு. நீ பெரிய மந்திரவாதியாம்,” என்கிறார் முத்தம்மா. முனைவர் பட்டத்துக்கு இந்த மரியாதை கிடைத்ததில்லை.

ஏப்ரல் 2

பூ.

ஏப்ரல் 22

முதல் பறிப்பு. முத்தம்மா கூடையோடு ராயபுரம் ரயிலேறினார். பிறகு வேலப்பன் வந்து எங்கள் கொடிகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“சார், என் நெலத்துக்கும் பானை வெச்சிக் குடு. மந்திரம் இன்னா?”

“மூன்று நாளுக்கு ஒருமுறை நீர் நிரப்ப வேண்டும். தவறினால் பலிக்காது.”

பயபக்தியோடு தலையாட்டினார். பிறகு, தயங்கி: “கெணத்த லாரிக்கு வுடலாமா?”

பானைக்குக் கோபம் வரும் என்றேன்.